வெள்ளிக்கிழமைக் குழம்பு

தவக்காலத்து வெள்ளிக்கிழமை அதுவுமாக, உபதேசியார் அடைக்கலராஜ் ஆட்டுக்கறிக் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பாக்கியமேரி தன் கண்ணையே நம்பவில்லை. விடிவதற்கு முன்னாலிருந்து அடுப்புப் புகை, அதோடு ஒருசந்தி நோன்பு வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வந்தது. தண்ணீர்க் குடத்தை ஹோட்டல் ஹாலில் வைக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவரேதான். மாதா கோயில் மைக்கில் செபம் சொல்லுமுன் கனைக்கிற அதே கனைப்பு. கரண்டியால் ஒரு வாய் எடுத்தார். நாக்கில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

'எப்படி ரசிச்சித் துன்றாரு பாரு!'

திண்டிவனம் பைபாஸில் அந்த நாட்டுச் சமையல் ஹோட்டல் பேர் போனது. விழுப்புரம் பக்கம் போகிற கார்கள் அதன் மண்சட்டிக் குழம்புக்காகவே ஓரம் கட்டும். ஹோட்டல் ஜெகதீசனுடையது. குழம்பு பாக்கியமேரியுடையது.

ஆனால் தவக்காலத்து வெள்ளியில் அவள் சுத்தபோசனம். கறிச்சாறு ஒரு சொட்டு நாக்கில் வைக்க மாட்டாள். ருசி பார்க்காமல் உப்புப் போட்டதில், முதல் வெள்ளியே குழம்பு உப்புக் கரித்தது. சட்டி சட்டியாகத் திரும்பி வந்தது.

ஜெகதீசன் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தபா சட்டி திரும்பி வந்துச்சின்னா, நீ வேற எடம் பாத்துக்கம்மா. மனசுல வெச்சிக்காத."

"நீங்களே ஒரு வாய் பாத்துச் சொல்லக்கூடாதாண்ணா?"

"பிபிக்காரன்கிட்டயா கேக்கிற? உப்பில்லாத கஞ்சி குடிச்சிக் குடிச்சி, எனக்கு மோருகூட கடல் தண்ணிதான்."

பரிமாறுகிற கலைப்பிரியாவோ சுத்த சைவம். கறிச்சட்டியை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவாள். ஆனால் வாய் இருக்கிறதே, அது மொத்த ஹாலையும் அடுக்களைக்குக் கொண்டுவந்துவிடும். "எக்ஸ்கியூஸ் மீ, இது நாட்டு ஆடா, இல்ல நம்ம ஏரியா ஆடா?" என்று சென்னைக்காரர் மாதிரி இழுப்பாள். "மம்மீ... காரம்!" என்று குழந்தை மாதிரி சிணுங்குவாள். பாக்கியமேரி அன்றாடம் சிரிப்பது அந்த ஒன்றுக்குத்தான்.

வேலை போய்விடுமே என்று பாக்கியமேரி உபதேசியாரிடமே போய்க் கேட்டாள். பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது.

"ஐயா, ருசி பாத்துட்டுத் துப்பிட்டா சுத்தபோசனம் கெட்டுடுங்களா? பொழப்பு போயிடும்போல இருக்குது."

"நாக்குல பட்டா பட்டதுதாம்மா. ஆண்டவர்கிட்ட பேரம் பேசாத."

நாலு பேர் சிரித்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்புறம் வந்த வெள்ளிகளில் எப்படியோ தப்பித்தாள். கூட்டம் சேர்வதற்குள் எவனாவது ஒரு கஸ்டமர் உப்பைப் பற்றி நொட்டை சொல்லி அனுப்பிவிடுவான். முணுமுணுத்துக்கொண்டே சரி பண்ணுவாள். அந்த நொட்டைக்காரன் குரலை மட்டும் கலைப்பிரியா பேசிக் காட்டியதே இல்லை.

இப்போது குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகப் போய் நின்றாள்.

"இன்னா உபதேசியாரே, ருசியா இருக்குதுங்களா?"

கரண்டி கிண்ணத்துக்குள் விழுந்தது.

"பாக்கியமேரியா... நீ உள்ளதான இருப்ப?"

"உள்ள கெடக்கிறவளுக்குத் தெரியாதுன்னு வந்துட்டீங்களா? சாயந்திரம் சிலுவைப்பாதையில முன்னால நின்னு படிக்கப்போறது யாரு? நீங்களா, இந்த ஆடா?"

"விழுப்புரம் போற வழியில... சும்மா..."

வாசலில் அவருடைய பழைய மொபெட் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"இந்த வண்டியிலயா? விழுப்புரத்துக்கா?"

அவர் துண்டால் வாயைத் துடைத்தார். அழுத்தி, இரண்டு தரம்.

"பங்குச் சாமியார்கிட்ட சொல்லத்தான் போறேன், உபதேசியாரே."

"சொல்லும்மா. சொல்ல வேண்டியதுதான்."

பாக்கியமேரி விடுவிடுவென்று உள்ளே வந்து, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். கால் இரண்டும் வீங்கி விண்விண் என்றது. வயிறு காந்தியது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. அழுகைதான் வந்தது.

'எனக்கு ஒரு சட்டம், அவுருக்கு ஒரு சட்டம். நான் மட்டும் ஏன் பட்டினி கெடந்து பொழப்பைத் தொலைக்கணும்?'

எழுந்தாள். கொதிக்கிற சட்டியில் கரண்டியை விட்டாள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு. கையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அக்கா! வேணாம்க்கா!"

கலைப்பிரியா ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையில் உபதேசியாரின் கிண்ணம். கறி அப்படியே இருந்தது. குழம்பு அந்த ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

"தெனம் வர்றாராடீ அந்த ஆளு?"

"வெள்ளிக்கிழம மட்டுந்தான்க்கா. கடை தொறந்ததும் வருவாரு. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. இனிமே என்னால ஆவாது."

கிண்ணத்தை வைத்தாள். நிமிர்ந்து நின்றாள். மைக்கைச் சரி பண்ணுவதுபோல் ஒரு கனைப்பு. முதல்முறையாக அந்த நொட்டைக்காரன் குரல் அடுக்களைக்குள் கேட்டது.

"'இன்னிக்கு ஒரு கை உப்பு கம்மி, போடச் சொல்லும்மா. நான் சொன்னேன்னு சொல்லாத. அந்தப் பொண்ணு நாக்கு சுத்தமா இருக்கட்டும். பட்டது என் நாக்குல பட்டதாவே இருக்கட்டும்.'"