எடை கூடுன பேட்டு

"இருக்கறதுலயே எடை கூடுன பேட்டா ஒண்ணு எடுங்க அண்ணாச்சி."

ஜான்ராஜ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அருப்புக்கோட்டை பஜாரில் இருபது வருஷமாக விளையாட்டுச் சாமான் விற்கிறார். லேசான பேட்டு வேண்டுமென்று உயிரை எடுப்பவர்கள் உண்டு. கனமானதைக் கேட்டு ஒரு புண்ணியவான் வந்தது இதுதான் முதல் தடவை.

"பூப்பந்துக்கா தம்பி?"

"ஆமா. புது ஆபீசர்கூட ஆடணும். நாளைக்குத்தான் ஆரம்பம்."

பெயர் செல்லப்பாண்டி என்றான். நரிக்குடியில் ஓர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். மனைவி சத்யபிரியாவுக்கு அருப்புக்கோட்டையில் டீச்சர் வேலை. குழந்தை எழுமுன் பஸ் ஏறி, அது தூங்கியபின் வந்து இறங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை தூக்கினால், யாரோ விருந்தாளி என்று நினைத்து வீறிடுகிறதாம். அடுத்த மாதம் அருப்புக்கோட்டை ஆபீஸில் ஓரிடம் காலியாகிறது. அதை நிரப்புவது அங்கேயே இருக்கும் புது ஆபீசர் கையில். அவரோ சாயங்காலமானால் பூப்பந்து ஆடாமல் காபிகூடக் குடிக்கமாட்டாராம்.

ஜான்ராஜுக்கு மனசு இளகிவிட்டது. வியாபாரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, சர்ச்சில் பிரசங்கம் செய்வதுபோல் ஆரம்பித்தார். கற்றுக்கொள்பவனுக்கு பேட்டு லேசாக இருக்கவேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு போய்விடும். பேட்டின் நரம்பு விறைப்பாக இருக்கவேண்டும். ஷூ காலைக் கவ்விப் பிடிக்கவேண்டும். போன வாரம் இதே யோசனையைக் கேட்டு உங்க ஆபீஸ் இருளாண்டி வாங்கிப்போனார் என்றும் சொன்னார்.

செல்லப்பாண்டி எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினான். பிறகு, இரண்டு கிறிஸ்துமஸாக விலைபோகாமல் தூசி குடித்துக்கொண்டிருந்த, கடப்பாரை கனத்தில் ஒரு பேட்டை எடுத்தான். நரம்பு தொளதொளவென்று கிடந்தது. ஷூவும் ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கினான்.

பில் எழுதும்வரை, மஞ்சள் கம்பளிப் பந்தை பேட்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே தெருவை வேடிக்கை பார்த்தான். பந்து கீழே விழவில்லை. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று ஜான்ராஜ் நினைத்தார். எப்போதாவது ஒரு தடவை உண்மையைச் சொல்லி விற்கப் பார்த்தால் இந்தக் கதி என்று வேறு நொந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து அதே பேட்டு கவுண்டரில் வந்து விழுந்தது.

"தோத்தீகளாக்கும்" என்றார் ஜான்ராஜ், கொஞ்சம் திருப்தியோடு.

"பதினெட்டு ஆட்டம். பதினெட்டும்."

"ஆபீசர் என்ன சொன்னாக?"

"அவுகளுக்கு ரொம்பச் சந்தோசம். தெனமும் காபி வாங்கிக் குடுத்தாக."

"அப்ப டிரான்ஸ்பர்?"

"இருளாண்டிக்கு."

ஆபீசர் அவனைக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, பக்குவமாகச் சொன்னாராம். தை மாதம் ஆபீஸ்களுக்குள் போட்டி வருகிறது. ஆடத் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் ஒரு மாதமாக ஒவ்வொருவரையும் ஆடவிட்டுப் பார்த்தார். இருளாண்டி தட்டுத்தடுமாறி இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டான். 'செல்லப்பாண்டி, நீங்க தங்கமான மனுசன். ஆனா ஆட்டம் உங்களுக்கு வராது.'

"நான் அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் ஜான்ராஜ். ஆனாலும் பாவமாகத்தான் இருந்தது. கடையிலேயே நல்ல பேட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "இத வச்சு மொதல்ல இருந்து பழகுங்க. ஆபீசர்ட்ட இன்னொரு தடவ கேட்டுப் பாக்கலாம்."

"எப்படிக் கேக்க? பதினெட்டு ஆட்டமும் அவுகள ஏமாத்துனேன்னுல்ல ஆயிரும்."

ஜான்ராஜுக்குப் புரியவில்லை. செல்லப்பாண்டி பந்தை மேலே போட்டு ஒரு வீசு வீசினான். அது கடைக்கோடிச் சுவரில் பட்டு, கவுண்டரைத் தாண்டி, நேராக அவன் பேட்டுக்கே திரும்பி வந்து அடங்கியது.

"காலேஜ்ல மூணு வருசம் நான்தான் அண்ணாச்சி கேப்டன்" என்றான், பேட்டைத் திருப்பிக் கொடுத்தபடி. "நல்ல பேட்டா இருந்தா எனக்குத் தோக்க வராது."