நெஞ்சுப் பட்டை

"கையில கட்டுறது வேண்டாம் தம்பி. நெஞ்சுல கட்டுற பட்டை ஒண்ணு இருக்காமே, அதை எடுங்க."

ஜெகநாதராஜாவுக்குச் சுருக்கென்றது. ராஜபாளையத்தில் ஸ்போர்ட்ஸ் கடை வைத்திருக்கும் அவன், வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவான். அப்படிச் சொல்லிக்கொள்பவனும் அவன் ஒருவன்தான். ஆனால் சேத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த பாண்டிசெல்வி, கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவனை வாய் திறக்க விடவில்லை. கூட வந்த பெண், ஸ்கேட்டிங் ஷூக்களைத் தோளில் தொங்கவிட்டபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரும் வாட்ச்தான்க்கா வாங்குதாங்க. ஜி.பி.எஸ். இருக்கு. எம்புட்டு தூரம், எம்புட்டு வேகம்னு காட்டும். இருதயத் துடிப்பும் காட்டும். போன் வந்தாக்கூடப் பேசலாம்."

"சக்கரத்துல போறவ எதுக்குப் போன் பேசணும்? குனிஞ்சு, கையை வீசி வீசிப் போறா. ரோடு வேற கடகடன்னு ஆட்டும். அந்த ஆட்டத்துல மணிக்கட்டுல கிடக்குற வாட்ச் துடிப்பைச் சரியாக் காட்டுமா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன காட்டும்," என்று ஒப்புக்கொண்டான்.

"முன்னப்பின்ன காட்டுனா இவளுக்கு ஆகாது. நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணுன பிள்ளை. போட்டிக்குப் போகலாம்னு டாக்டர் இப்பத்தான் விட்டிருக்காரு. துடிப்பு எல்லை தாண்டாமப் பாத்துக்கிடணும்னுட்டாரு. அடுத்த வாரம் மதுரையில செலக்சன்."

ஜெகநாதராஜாவுக்கு இப்போது விளங்கிவிட்டது. பயந்த தாய். அதனால்தான் இந்தக் குடைச்சல். மறுபேச்சில்லாமல் நெஞ்சுப் பட்டையையும் அதோடு சேர்ந்த ஜி.பி.எஸ். வாட்ச்சையும் எடுத்து வைத்தான். பட்டையின் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும் என்றான். பாண்டிசெல்வியே அந்தப் பெண்ணை உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கட்டிவிட்டாள்.

கடை திறந்த நேரம் என்பதால் தெருவில் கூட்டமில்லை. அந்தப் பெண் ஷூக்களை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை பறந்து போய்த் திரும்பினாள். ஜெகநாதராஜா, பட்டையோடு இணைத்த தன் போனில் துடிப்பின் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது அசைவதாகத் தெரியவில்லை. இந்த வேகத்துக்கு இந்நேரம் எகிறியிருக்க வேண்டுமே! வியாபாரம் கெட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"பீஸ்ல ஏதோ கோளாறு போலக்கா. வேற எடுக்குறேன்."

"மிஷின்ல ஒண்ணுமில்ல தம்பி. இவளுக்கு மெதுவாத்தான் ஏறும். நின்ன பொறவும் செத்த நேரம் இறங்காது. டாக்டரு சொல்லியிருக்காரு. பாருங்க, இப்ப ஏறும்."

அவள் சொன்னபடியே ஏறியது. போனை அவன் கையிலிருந்து வாங்கி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள் பாண்டிசெல்வி. எண் கூடக் கூட அவள் முகம் மலர்ந்தது. பயந்தவள் என்றால் முகம் வாடத்தானே வேண்டும் என்று அவனுக்குக் குழப்பமாக இருந்தது.

அந்தப் பெண் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள்.

"கட்டியிருக்கதே தெரியலம்மா. நல்லா இருக்கு."

"அப்ப இதையே எடுத்துக்கிடுதோம்," என்றாள் பாண்டிசெல்வி.

"எல்லை தாண்டுனா எச்சரிக்கைச் சத்தம் வரும்க்கா. அந்த எல்லையைக் கொஞ்சம் கம்மியாவே வச்சிருவோம். உங்களுக்கும் நிம்மதி."

"கம்மியா வைக்கப்படாது!" அவள் குரல் உயர்ந்தது. "டாக்டர் எதுவரைக்கும் போகலாம்னாரோ அதுவரைக்கும் போகட்டும். ஒரு துடிப்புகூடக் குறைக்க விடமாட்டேன். பயந்து பயந்து ஓடுறதுக்கு வீட்டுலயே இருந்துக்கிடலாமே. இவ மதுரையில ஓடணும், ஜெயிக்கணும். அதுக்குத்தான் நான் பஸ் ஏறி வந்திருக்கேன்."

தன் கணக்கு தப்பிவிட்டதில் ஜெகநாதராஜாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"உங்களை மாதிரி தைரியசாலியை நான் பாத்ததில்லக்கா. பெத்த வயிறு இப்படிப் பேசாது."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ தண்ணியைக் குடி தாயி," என்று பாண்டிசெல்வி பாட்டிலை அவள் கையில் திணித்தாள்.

"இவ ஓடுறப்போ துடிப்பு என் போன்லயும் தெரியணும் தம்பி. இவ ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஓடுவா. நான் சேத்தூர்ல இருப்பேன். தெரியுமா?"

"தெரியும்க்கா. ரெண்டு போன்லயும் போட்டுத் தாரேன்."

பெண்ணை ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைக்கிறாள் போலும். பாவம், தினம் பார்க்க முடியாது, துடிப்பையாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தபடி போனில் விவரங்களைப் பதிய ஆரம்பித்தான்.

"பேரு?"

"அனுக்ரஹா."

"வயசு? சரியாச் சொல்லணும். வயசை வச்சுத்தான் இருதயம் எம்புட்டுத் தாங்கும்னு இது கணக்குப் போடும்."

"பதினேழு," என்றாள் அனுக்ரஹா.

அவன் விரல் எண்ணைத் தொடப் போனது. பாண்டிசெல்வி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பதினேழு இவ வயசு. இவளைப் பெத்தவ நானில்ல தம்பி. இவளுக்குள்ள துடிக்கிறது எம் மவன் மாரீஸ்வரனோடது. அவன் இருந்தா இந்தப் பங்குனியோட இருபத்திரெண்டு. இருபத்திரெண்டுன்னே போடுங்க."