உள்ளே ஏதோ அசையுது

பழைய காலத்து வீடியோ கேம் பெட்டியைப் புதிதாகச் செய்து தருகிறோம் என்று ஊரெல்லாம் முன்பணம் வாங்கிய கம்பெனியின் அலமாரியில், படம் எடுப்பதற்கென்று செய்த வெற்றுக்கூடு ஒன்று இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்பது கூட்டுக்கே தெரியாது; அதன் ஜாய்ஸ்டிக்குக்குத் தெரியும். ஜாய்ஸ்டிக்கின் வயர் கூட்டுக்குள் எதிலும் சேராமல் வெறும் முடிச்சாகத் தொங்கியது.

பணம் போட்டவர்கள் "எப்போது வரும்?" என்று கேட்கும்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் கூட்டுக்கு வேறு பெயிண்ட் அடித்துப் புதுப்படம் அனுப்பினார்கள்.

"இந்தத் தடவை சிவப்பு. நாள் நெருங்கிடுச்சு, தம்பி," என்றது கூடு.

சிவப்பும் வெளுத்தது. அப்புறம் படம் எடுக்கக்கூட யாரும் வரவில்லை.

ஒருநாள் கூடு சிலிர்த்தது. "தம்பி, உள்ளே ஏதோ அசையுது. வேலையை ஆரம்பிச்சுட்டாங்க போல."

கேசட் சொருகும் ஓட்டை வழியே ஒரு பல்லி முட்டையிட நுழைந்ததை ஜாய்ஸ்டிக் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"ஆமாண்ணே," என்றது.