காந்தம் வைத்த சட்டை

பள்ளி அரங்கத்துக்குள் நான் நுழைந்ததும் என் தம்பி ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான். என்னைக் கேட்காமல் தன் மகளுக்குக் கடை போட அனுமதி கொடுத்தவன் அவன்தானே.

எங்கள் குடும்பத்தில் நீதிபதி உண்டு, மருத்துவர் உண்டு. மேசை போட்டுக் கடை விரித்தவர் கிடையாது.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு மேசை பிடித்திருந்தார்கள். படிக்கும்போதே தொழில் தொடங்கப் பழக்குகிறார்களாம். ஒருத்தி சோப்பு விற்றாள். ஒருவன் அட்டைப்பெட்டியில் விளக்கு செய்து வைத்திருந்தான்.

கடைசி மேசையில் தம்பி மகள். மேசை நிறைய ஆண்கள் சட்டை.

பார்வைக்குச் சாதாரணச் சட்டைதான். மேலே தெரியும் பொத்தான்கள் வெறும் அலங்காரம். பொத்தான் பட்டிக்குள் சின்னச் சின்னக் காந்தங்களை வைத்துத் தைத்திருந்தாள். கை நடுங்குகிறவர்கள் பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும் மூட்டை கட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் போட்டி நடுவர்கள் வந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் துணி ஆலை முதலாளி. வெற்றி பெறும் பிள்ளைக்கு வேண்டிய இயந்திரத்தை அவர் வாங்கித் தருவார். தையல் இயந்திரத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இவள் விரலெல்லாம் ஊசி ஏற, அத்தனையையும் கையாலேயே தைத்திருந்தாள்.

முதல் சட்டையை யாருக்குத் தைத்தாய், ஆளைக் காட்டு என்றார் முதலாளி. பயன்படுத்துகிற ஒருவரையாவது காட்ட வேண்டும், அதுதான் போட்டியின் விதி.

அவள் கண் என் மேல் பட்டது. உடனே விலகிவிட்டது.

"யாருன்னு சொல்ல மாட்டேன் சார். என்னை நம்பிப் போட்டுக்கிறார்."

ஆள் இல்லாமல் மதிப்பெண் போட முடியாதே அம்மா என்றார் அவர். பரவாயில்லை என்று தலையாட்டினாள். துணிக்கடை பொம்மைக்குத்தான் போட்டுப் பார்த்திருப்பாள் என்று விளக்குக்காரப் பையன் கிண்டலடித்தான். அவள் கலைந்த சட்டை ஒன்றை நீவி வைத்தாள்.

எங்கள் வீட்டு மானத்தை இவ்வளவு நிமிர்ந்து நின்று காத்தவரை நான் பார்த்ததில்லை.

நடுவர்கள் மேடைப் பக்கம் நகர்ந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

கால்சட்டைப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தேன். அது ஆடியது. ஆடட்டும் என்று விட்டேன்.

அந்தக் கையாலேயே என் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கழுத்திலிருந்து வயிறு வரை பட்பட்டென்று திறந்துகொண்டது.

"பெரியப்பா, வேண்டாம்" என்றாள் அவள், மெல்ல.

முதலாளிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, நிதானமாக, நானே மூடிக்காட்டினேன்.