முதல் பந்தி

திரையில் எல்லாம் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது.

கடையிலிருந்து வந்த மணிகண்டபிரபு ஏணி மேல் நின்று, கூரையில் மாட்டிய புரொஜக்டரின் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தார். கீழே சோபாவில், அக்கா சுப்புத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் சௌந்தரபாண்டியன்.

கரிசல் மண்ணில் இப்படி நிலவறை வேண்டாம், மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும் என்று இன்ஜினியர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சௌந்தரபாண்டியன் கேட்கவா செய்வார்? பத்தடி தோண்டி, கரிசலை அள்ளிக் கொட்டி, சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டார்.

புரொஜக்டர் விஷயத்திலும் அதே கதைதான். இந்த அறைக்கு நூறு இஞ்ச் திரையே தாராளம் என்று மணிகண்டபிரபு கடையில் வைத்தே சொன்னார். இவர் நூற்றைம்பதில் நின்றார். இருக்கிற மெஷினிலேயே பெரியதைக் காட்டி, தூரத்தில் நிற்கிறவன் மீசை முடியைக்கூட எண்ணுகிற மாதிரி தெரிய வேண்டும் என்றார்.

"பூமிக்குள்ள கொட்டகையா கட்டியிருக்க தம்பி?" என்று படி இறங்கும்போதே அக்கா வாயில் கை வைத்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பசுவந்தனைக்குக் கார் அனுப்பி அவளை வரவழைத்திருந்தார். ஆறு வருஷம் கழித்து இந்த வீட்டு வாசலை மிதிக்கிறாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் ஐஸ்வர்யா கல்யாணம். முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த அக்கா புருஷன் பூவனலிங்கத்தை எழுப்பும்படி ஆகிவிட்டது. வெளியூர் ஏஜென்ட் குடும்பத்தோடு வந்து நிற்கிறார், உட்கார இடமில்லை, என்ன செய்ய? அடுத்த பந்தியில் உட்காருங்கள் அத்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்டோம், அப்போது இலையில் ஒரு பருக்கைகூட விழவில்லை. இப்படித்தான் சௌந்தரபாண்டியன் ஞாபகம் வைத்திருந்தார். மனைவி உமாதேவியிடமும் அப்படித்தான் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது.

அக்கா அப்போது மணவறைப் பக்கம் இருந்தாள், பார்க்கவில்லை. ஆனால் அத்தான் சொல்லாமலா இருந்திருப்பார்?

அதற்குப் பிறகு அத்தான் வரவே இல்லை. முட்டுவலி என்று அக்கா போனில் சொன்னாள். முட்டுவலியாவது ஒன்றாவது, ஊர் பூரா சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று இவருக்கு ஆத்திரம். இவரும் கூப்பிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தான் இறந்தபோதுகூட போனார், பிறந்த வீட்டுக் கோடியைப் போட்டார், அரைமணி நேரத்தில் காரில் ஏறிவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்தப் பந்தியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது.

இன்றைக்கு அக்கா எல்லாவற்றையும் மறந்து வந்திருக்கிறாள். கல்யாண வீடியோவையே முதல் படமாகப் போட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டால் பழையது தீர்ந்துபோகும். முகூர்த்தத்தைப் போடச் சொல்லித்தான் பென்டிரைவைக் கொடுத்தார்.

முகூர்த்தம் மணிகண்டபிரபுவுக்குச் சரிப்படவில்லை. ஒரே ஹோமப் புகை.

"போகஸ் பாக்க கூட்டம் இருக்க இடம்தான் அண்ணாச்சி நல்லது" என்று வேகமாக ஓட்டிக்கொண்டே போய், பளிச்சென்ற வெளிச்சத்தில் வரிசையாக ஆட்கள் இருந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினார்.

பந்தி.

சௌந்தரபாண்டியன் சோபா நுனிக்கு நகர்ந்தார். டிவியில் போடும்போதெல்லாம் இந்த இடத்தை ஓட்டிவிடுவார். ஓட்டாவிட்டாலும் டிவியில் அது ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுதான். வேண்டாம், வேறு இடத்துக்குப் போங்க என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் ஏன் என்று அக்கா கேட்பாள்.

லென்ஸ் திரும்பியது.

முதலில் இலை தெளிந்தது. பிசைந்த சோறு, பாதி கடித்த வடை. அதற்கு மேலே அந்தரத்தில் ஒரு சோற்றுக் கை. அந்தக் கைக்காரரின் கக்கத்தில் நுழைந்து தூக்குகிற பட்டுச்சட்டைக் கை. அதில் சிவப்புக்கல் மோதிரம். இப்போதும் அவர் விரலில் கிடக்கிற மோதிரம்தான். இன்னொரு கை இலையை மடக்கிக்கொண்டிருந்தது. அதுவும் அவர் கைதான்.

கடைசியில் முகம் தெளிந்தது. அத்தான் பாதி எழுந்தபடி பக்கத்து இலைக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மீசை முடியை எண்ணிவிடலாம். அதில் ஒட்டியிருந்த பருக்கையும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் ஷார்ப் பண்ணவா அண்ணாச்சி?"

சௌந்தரபாண்டியன் மோதிரக் கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்தடி மண்ணுக்குள் உட்கார்ந்திருந்தும் இன்னும் கீழே போக ஒரு குழி இல்லையே என்றிருந்தது. அக்கா ஏசட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். எப்படியும் அவளுக்குத் தெரிந்த கதைதானே.

அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் நிழல் இலை மேல் விழுந்தது.

"வயிறு நெறைய சாப்பிட்டேன்னுல்லா சொன்னாவ" என்றாள், புருஷனின் முகத்தைப் பார்த்தபடி. "தம்பியே பக்கத்துல நின்னு பரிமாறுனான்னு சொன்னாவ. வீட்டுக்கு வந்ததும் பழைய சோறு இருக்கான்னு கேட்டாவ. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மனுசனுக்கு இன்னும் என்ன பசின்னு நான் ஏசிட்டேனே... அப்படியே படுக்க விட்டுட்டேனே."