கேட்டுப் பார்க்க ஐந்து ரூபாய்

“பாட்டுப் போட்டுக் காட்டுததுக்குக் காசா? இது கடையா, கொள்ளைக்கூடமா?”

கட்டம் போட்ட சட்டைக்காரர் மேஜையில் ஓங்கி அறைந்தார். பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள்.

பொன்னுராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டீரியோ செட் விற்கும் கடையில், கேட்டுப் பார்ப்பதற்கென்றே சுவரெல்லாம் கனத்த துணி அடித்துத் தனி அறை கட்டியவர் அவர். வருகிறவர்கள் அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போடச் சொல்லிக் கேட்பார்கள். “பொறவு வாரேன்” என்று எழுந்து போவார்கள். போனவர் போனவர்தான்.

இப்படியே போனால் தீபாவளிக்குள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் இன்று காலையில் பலகை எழுதி மாட்டினார்: ‘கேட்டுப் பார்க்க ஐந்து ரூபாய். வாங்கினால் கழித்துக்கொள்ளப்படும்.’

“வாங்குனா கழிச்சிருவேன்னு எழுதியிருக்கேம்லா? கண்ணு தெரியலையா உமக்கு?”

“கேட்டுப் பிடிச்சாத்தானய்யா வாங்குவான்! சம்சாரி வயித்துல அடிக்காதீரு!”

“அதான!” என்றது கூட்டம். தினமும் ஓசியில் கேட்டுவிட்டுப் போகும் இரண்டு முகங்களும் அதில் இருந்தன.

“சரிய்யா, உமக்கு மட்டும் சும்மாவே போடுதேன். எந்த செட்டைக் கேக்கணும்? உள்ள வாரும்.”

“எனக்கு ஒரு எழவும் கேக்க வேண்டாம். போர்டைக் கழட்டும்!”

“கழட்ட முடியாதுன்னா?”

“தெனமும் வாசல்ல வந்து நின்னு கத்துவேன். ஒருத்தன் உள்ள வர மாட்டான்.”

செய்யக்கூடிய ஆள்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது ஒற்றை ஆள் என்ன செய்ய முடியும்? பொன்னுராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். பலகையைக் கழற்றி மூலையில் விட்டெறிந்தார். சட்டைக்காரருக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

அந்த நேரம் பார்த்து, வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சட்டைக்காரரைக் கண்டதும் அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

“என்ன மொதலாளி, நீங்க இங்க நிக்கிய? இவரு கடையில கேட்டுட்டு, சீவில்லிபுத்தூர்ல உங்க கடைக்குத்தான வந்து வாங்கச் சொன்னிய!”