துரையின் கம்பளிக் கோட்டு

பாசிக்குடா ஹோட்டலில் மார்கழி விடுமுறையைக் கழித்த வெள்ளைக்காரத் துரை அன்று ஊர் திரும்பவிருந்தார். அறை கூட்டும் மக்டலின் அவருடைய கம்பளிக் கோட்டில் பிரிந்திருந்த உள்துணியைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நாத்தமெண்டு உன்ட கருவாட்டுச் சோத்த எல்லாருக்கும் முன்னால மண்ணில கொட்டினவன். அவனுக்கா தைக்கிறாய்?" என்றார் சமையற்காரர் யோசேப்பு.

"அவன்ட ஊரில பனி கொட்டுதாம், அண்ணன். பிளேனால இறங்கினா இது இல்லாம ஏலா."

"உனக்குப் பெரிய மனசுகா."

கோட்டை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிக் கொடுத்தாள். துரை கையசைத்துப் போனார்.

மத்தியானம் யோசேப்பு அடுப்படியைக் கிளறினார்.

"இஞ்ச கிடந்த நெத்தலிக் கருவாடு எங்ககா?"

"கோட்டுக்குள்ள வச்சித் தைச்சிட்டன், அண்ணன். இனிப் போட்டா நாறும், கழட்டினா விறைக்கும்."